சத்தியராஜ் பேரம் பேசினார்

"இன்னா சார், காலங்காத்தால கயித்தப் போட்டு அளந்துக்கினு கீறீங்கோ?"

கார் நிறுத்துமிடத்தில் குனிந்திருந்த சத்தியராஜ் அப்படியே நின்றுவிட்டார். யார் என்று நிமிர்ந்து பார்க்கத் தேவையே இல்லை. இந்த அளவெடுப்பு உலகத்தில் எந்த ஒரு மனிதனுக்குத் தெரியக் கூடாதோ, அந்த ஜெபாதான் ஷேர் ஆட்டோவை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

"ஒண்ணுமில்ல ஜெபா. சும்மா ஒரு போட்டுக்கு..."

வாய் தவறிவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸ் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எதிரே உட்கார்ந்திருப்பவன் எவ்வளவு கிண்டினாலும் மனதில் இருக்கும் விலையை வெளியே விடாதவர் என்று பெயர். அப்பேர்ப்பட்டவர் கையில் கயிறோடு உளறிவிட்டார்.

"போட்டா? இங்கயா?"

"அது... அசோசியேஷனுக்கு. அடுத்த மழைக்கு வெள்ளம் வந்தா நமக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்னு."

"சூப்பர் சார்!" என்றான் ஜெபா. "எந்த போட்டுன்னு பாக்க நானும் வர்றேன். நீங்க தனியா போனா தலையில கட்டிடுவானுங்கோ."

சத்தியராஜ் கயிற்றைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

அந்த போட் உண்மையில் ஜெபாவுக்குத்தான். போன மழைக்காலத்தில் ஏரி உடைத்துக்கொண்டு முத்தாபுதுப்பேட்டைக்குள் வந்தபோது, அவர்கள் அடுக்ககத்தில் தரைத்தளம் முழுதும் முழுகிவிட்டது. ஜெபா அப்போது கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு ரிசார்ட்டில் போட் ஓட்டிக்கொண்டிருந்தான். சாதாரண போட் இல்லை. பின்னால் ஒரு நீளக் கயிறு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலில் பலகையை மாட்டிய ஆள், அந்த ஆள் எம்பிக் குதிப்பதற்காகவே பெரிய அலையாகக் கிளப்பிவிட்டுப் போகும் வேக்போர்டு போட். டிவியில் தன் ஊர்ப் பக்கத்து வெள்ளத்தைப் பார்த்தவன் முதலாளியைக் கேட்காமல் அதை டிரெய்லரில் மாட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். கட்டடத்தில் இருந்த அத்தனை பேரையும் மேட்டில் இருக்கும் சர்ச்சில் கொண்டுபோய் இறக்கினான். கடைசி நடையில் தண்ணீருக்குள் மறைந்திருந்த காம்பவுண்டு சுவர் போட்டின் அடியைக் கிழித்தது. ரிசார்ட்காரர்கள் வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.

அவனுக்கு நன்றி சொல்லலாம் என்றால் அவன் விட்டால்தானே? கிறிஸ்துமஸ் விழாவில் மேடைக்குக் கூப்பிட்டுப் பணமுடிப்பு கொடுத்தார்கள். அன்று மாலையே அது சர்ச்சின் வெள்ள நிவாரணப் பெட்டிக்குள் போய்விட்டது. பேன்ட் சட்டை எடுத்துக் கொடுத்தார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் இன்னொருவர் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தார். தங்க மோதிரம் என்று பேச்செடுத்ததும் ஒரு வாரம் இந்தப் பக்கமே வரவில்லை.

"திடீர்னு கையில திணிக்கணும். பேரை எழுதித் திணிக்கணும். முன்னாடியே தெரிஞ்சா ஓடிடுவான்" என்றார் அசோசியேஷன் தலைவி சுலோசனா. அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. அவர் சொன்னால் தீர்மானம்தான். அறுபத்து நான்கு வீடும் சந்தோஷமாகக் கொடுத்தது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளும் அனுப்பினார்கள். புதிதாக வாங்க முடியாவிட்டாலும் நல்ல நிலையில் இருக்கும் பழைய போட் ஒன்றை வாங்கலாம். பேரம் பேச சத்தியராஜைவிட்டால் யார்?

இப்படித்தான், யாருக்குத் தெரியாமல் போட் வாங்க வேண்டுமோ அவனையே பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சத்தியராஜ் மண்ணூர்பேட்டைக்குப் புறப்பட்டார்.

*

மண்ணூர்பேட்டைக் கடைக்காரன் அபிஷேக், இளைஞன். கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தான். கொச்சியிலிருந்து வந்த சிவப்பு போட் ஒன்று ஷெட்டுக்குள் பளபளத்தது. நடுவில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு இரும்பு வளைவு. அதில்தான் கயிற்றைக் கட்டுவார்களாம். வளைவின் இரண்டு பக்கமும் அண்டா அளவில் ஸ்பீக்கர்.

"எந்த ஏரியா சார்? எத்தனை பேர் ரைட் பண்ணுவீங்க?"

"முத்தாபுதுப்பேட்டை. அறுபத்தி நாலு குடும்பம். வெள்ளத்துக்கு வேணும்."

அபிஷேக் கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். "சார், இது அலையை உண்டாக்கற போட். அலை பெருசா வரணும்னு வயித்துக்குள்ள தண்ணி நிரப்பிக்கும். நீங்க இதுல காப்பாத்தப் போனா, முதல் மாடியில நிக்கறவங்களும் நனைஞ்சிடுவாங்க."

"அதத்தான் சார் வழி பூரா நானும் சொல்லிக்கினு வர்றேன்" என்றான் ஜெபா. "ரப்பர் போட்டு வாங்குங்கோ. வெலையும் கம்மி, மடிச்சு மாடில வெச்சுக்கலாம்."

"எங்களைக் காப்பாத்தினது இந்த மாதிரி போட்தானே ஜெபா?"

"அன்னிக்கு என்னாண்ட அதான் சார் இருந்துச்சு! கைல அண்டா இருந்திருந்தா அண்டாவுல வந்திருப்பேன். அதுக்காக அசோசியேஷனுக்கு அண்டா வாங்குவீங்களா?"

அபிஷேக் சிரித்துவிட்டான். சத்தியராஜ் மனதுக்குள் கணக்குப் போட்டார். ரப்பர் போட்டை வாங்கி ஜெபாவிடம் கொடுத்து என்ன புண்ணியம்? அதன் பின்னால் கயிற்றைக் கட்டி யாரை இழுப்பான், என்ன சம்பாதிப்பான்?

"வெள்ளம் வருஷத்துக்கு ஒரு தடவைதானே? மத்த நாள்ல மெம்பர்ஸ் விளையாடலாம்னு ஒரு எண்ணம்."

"யாரு வெளையாடப் போறது?" ஜெபா நிஜமாகவே யோசித்தான். அவனுக்கு அந்த அடுக்ககத்தில் எல்லாரையும் தெரியும். பாதிப் பேர் லேப்டாப்பைவிட்டு எழுந்திருக்க மாட்டார்கள். மீதிப் பேருக்கு மூட்டுவலி.

"நான்தான்" என்றார் சத்தியராஜ்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே புரிந்தது. ஜெபா அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தான். பிறகு அவன் முகம் முழுக்க ஒரு சிரிப்பு பரவியது.

"சார்! இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நான் கத்துக் குடுக்குறேன் சார். ஒரே மாசத்துல உங்கள நிக்க வெச்சிடுறேன்."

அபிஷேக் கண்ணாடியை மறுபடி தலைக்கு ஏற்றினான். "உங்க வயசு என்ன சார்?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டான்.

*

மறுநாளே மொட்டைமாடியில் பாடம் ஆரம்பமாகிவிட்டது. ஒரு பிவிசி பைப், அதன்மேல் ஒரு பலகை, பலகையின்மேல் சத்தியராஜ். எதிரே கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஜெபா.

"முட்டிய மடக்குங்கோ சார். இன்னும். நாற்காலில உக்கார்ற மாதிரி."

"மடங்குது ஜெபா. நிமிரத்தான் மாட்டேங்குது."

மிளகாய் காயவைக்க மேலே வந்த ஞானகுமாரி, கணவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் ஆடுவதைப் பார்த்தார். பைப் உருண்டது. சத்தியராஜ் மிளகாய்மேல் விழுந்தார்.

ஜெபா சவாரிக்குப் போன பிறகு, மூட்டில் தைலம் தேய்த்துக்கொண்டே ஞானகுமாரி கேட்டார்: "உண்மையைச் சொல்லிட்டா என்னங்க?"

"சொன்னா ஓடிடுவான்."

"இப்படியே போனா நீங்க போய்ச் சேர்ந்துடுவீங்க போலிருக்கே."

"ஞானம், அன்னிக்கு போட்ல வரும்போது அவன் என்ன சொன்னான்? நீதானே கேட்ட?"

ஞானகுமாரியின் கை நின்றது. "'இது முதலாளியோடதும்மா, என்னிக்காவது சொந்தமா ஒண்ணு வாங்கணும்'னான்."

"அப்புறம் என்ன? தைலத்தைத் தேய்."

*

குமணன்சாவடியில் இன்னொரு கடை இருந்தது. பெங்களூர் நெடுஞ்சாலையைப் பார்த்த மாதிரி ஒரு பெரிய கொட்டகை. அங்கேயும் ஒட்டிக்கொண்டு வருவானோ என்று சத்தியராஜ் பயந்தார். நல்லவேளை, "அந்தப் பக்கம் வேணாம் சார், எனக்கு ஸ்கூல் சவாரி கீது" என்று ஜெபாவே ஒதுங்கிக்கொண்டான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத் தனியே போனார்.

கடை ஷைலா என்ற பெண்மணியுடையது. காதில் பேனா, கையில் கிரீஸ். கோவாவிலிருந்து வந்த வெள்ளை போட் ஒன்றைக் காட்டினார். ஸ்பீக்கர் கிடையாது, விளக்கு கிடையாது. ஆனால் சாவியைத் திருகியதும் என்ஜின் தயக்கமில்லாமல் ஒரே மூச்சில் எழுந்தது. கம்பெனியில் அத்தனை வருடம் பம்பு மோட்டார்களின் சத்தத்தைக் கேட்டுப் பழகிய சத்தியராஜின் காது அதை விரும்பிவிட்டது. முகத்தில் மட்டும் காட்டிக்கொள்ளவில்லை.

வேம்புலியம்மாள் என்று ஒரு வயதான அம்மாள் போட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கடையைப் பெருக்குவது, டீ போடுவது, விற்றுப் போகும் ஒவ்வொரு போட்டுக்கும் பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழிப்பது, எல்லாம் அவர்தான்.

ஷைலா விலை சொன்னார். சத்தியராஜ் உதட்டைப் பிதுக்கினார்.

"மண்ணூர்பேட்டையில இதைவிடக் கம்மியா சொல்றாங்கம்மா."

"அப்ப அங்கயே வாங்கிக்கங்க சார்" என்றார் ஷைலா, கோபமே இல்லாமல்.

அத்தனை வருட அனுபவத்தில் இப்படி ஒரு பதிலை அவர் சந்தித்ததில்லை. "அப்படி இல்ல... கொஞ்சம் பாத்துப் போட்டா..."

"எதுக்கு சார் உங்களுக்கு இந்த போட்டு?"

கடைக்காரர்களுக்கு ஜெபாவைத் தெரிந்திருக்கும். பெயரைச் சொன்னால் அவன் காதுக்குப் போய்விடும். எனவே சத்தியராஜ் பழைய பொய்யையே எடுத்துப் போட்டார். "முத்தாபுதுப்பேட்டையில எங்க அபார்ட்மென்ட் வெள்ளத்துல முழுகிடுச்சும்மா. அடுத்த மழைக்கு ஒரு போட் இருக்கட்டும்னு."

"முத்தாபுதுப்பேட்டையா?" என்று ஷைலா திருப்பிக் கேட்டார். "யோசிச்சுச் சொல்றேன். ஒரு ஆளைக் கேக்கணும்."

சத்தியராஜ் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். விலையைக் குறைக்க மனமில்லாத எல்லாக் கடைக்காரர்களும் சொல்வது இதுதான். முதலாளியைக் கேக்கணும், பார்ட்னரைக் கேக்கணும், ஒரு ஆளைக் கேக்கணும். அந்த ஆள் எந்த ஊரிலும், எந்தக் கடையிலும், என்றைக்குமே இருந்ததில்லை என்பதை அவர் தன் உத்தியோக காலத்தில் திட்டவட்டமாகக் கண்டுபிடித்திருந்தார்.

*

வீட்டுக்கு வந்ததும் அபிஷேக்குக்குப் போன் போட்டார். "தம்பி, குமணன்சாவடியில கம்மியா சொல்றாங்க."

"விலையை விடுங்க சார். நான் உங்களுக்கு இன்னும் ரெண்டு ஸ்பீக்கர் போட்டுத் தர்றேன்."

"ஸ்பீக்கர் வேண்டாம்ப்பா, விலையைக் குறை."

"அப்ப தண்ணிக்கு அடியில நீல லைட்."

பேரம் பேசப் பேச விலை அப்படியே இருந்தது, போட்தான் பெருத்துக்கொண்டே போனது. மூன்றாவது போனில் ஆறு ஸ்பீக்கர், நீல விளக்கு, ஐஸ்பெட்டி, சத்தியராஜின் அளவுக்கு ஒரு ரப்பர் உடுப்பு. நான்காவது போனில்தான் அபிஷேக் இறங்கிவந்தான்.

"சரி சார், விலையைக் குறைக்கிறேன். ஒரே ஒரு கண்டிஷன். ஞாயித்துக்கிழமை திருநின்றவூர் தாண்டி நம்ம பிரெண்டோட பார்க்ல செயற்கை ஏரி இருக்கு. அங்க நீங்க ஒரு ரவுண்டு நிக்கணும். நான் வீடியோ எடுத்துப் போட்டுக்கறேன். 'அறுபதிலும் அலைமேல்'னு."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். பாடம் நடத்த வந்து பக்கத்தில் நின்ற ஜெபாவுக்குப் போனில் வந்தது அவ்வளவும் கேட்டுவிட்டது.

"ரெடின்னு சொல்லுங்கோ சார்! சார் ரெடிப்பா!" என்று ஜெபாவே போனுக்குள் கத்தினான்.

அடுக்ககத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் புறப்பட்டது. சத்தியராஜ் ஏன் நிற்கப் போகிறார் என்பது ஜெபாவைத் தவிர வேனில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அதனால் அவரைத் தியாகியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு வந்தார்கள். சுலோசனா மட்டும் சர்ச்சுக்குப் போய், ஜெபம் செய்யும்படி பாஸ்டரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ரப்பர் உடுப்பு வயிற்றைத் தாண்ட மறுத்தது. இரண்டு பேர் சேர்ந்து தாண்டவைத்தார்கள். லைஃப் ஜாக்கெட் மாட்டினார்கள். கால்களைப் பலகையில் இறுக்கினார்கள். தண்ணீரில் மல்லாந்து மிதந்தபடி சத்தியராஜ் கயிற்றைப் பிடித்தார். கரையில் ஞானகுமாரி கண்ணை மூடிக்கொண்டார். ஆறு ஸ்பீக்கரிலும் ஏதோ ஒரு குத்துப்பாட்டு இடிக்க ஆரம்பித்தது.

"முட்டிய மடக்கு சார்!" என்று கரையிலிருந்து ஜெபா கத்தினான்.

போட் இழுத்தது. யாருமே எதிர்பார்க்கவில்லை, சத்தியராஜ் எழுந்துவிட்டார். தண்ணீரின்மேல் நின்றார். கரை முழுதும் கூச்சல். தான் நிற்கிறோம் என்பதை நம்ப முடியாமல் அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

அதுதான் தப்பு. அடுத்த நொடி காலும் பலகையும் வானத்தைப் பார்த்தன. தலை தண்ணீருக்குள் போனது. அலையை உண்டாக்கும் போட் தன் கடமையைச் சரியாகச் செய்ததால், மேலே வந்தபோதெல்லாம் வாய் நிறைய ஏரி புகுந்தது. கயிற்றை விடச் சொன்ன ஜெபாவின் குரல் ஸ்பீக்கர் சத்தத்தில் எங்கோ போய்விட்டது. கயிறு கையில் சுற்றிக்கொண்டிருந்தது. போட்டில் இருந்த அபிஷேக் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

போட்டை ஓட்டிய பார்க் ஆள் திரும்பிப் பார்த்து என்ஜினை அணைப்பதற்குள் ஜெபா சட்டையோடு குதித்தான். நீந்தி வந்த வேகத்தில் கயிற்றைப் பிடித்து உருவினான், சத்தியராஜின் தலையைத் தன் தோளில் சாய்த்துக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தான். "ஒண்ணுமில்ல சார், ஒண்ணுமில்ல. நான் கீறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். வெள்ளத்தன்று படியிலிருந்து போட்டுக்குள் இறங்கப் பயந்து சத்தியராஜ் நின்றபோதும் அவன் இதையேதான் சொன்னான்.

கரையில் உட்காரவைத்து, முதுகைத் தட்டி, குடித்த ஏரியையெல்லாம் வெளியே எடுத்தார்கள். ஞானகுமாரி கணவனின் காதருகே குனிந்தார்.

"ஒரு நன்றி பாக்கி இருந்துச்சு. இப்ப ரெண்டாயிடுச்சு. நீங்க இனிமே எதுவும் செய்யாதீங்க."

*

வேனில் திரும்பும்போது ஜெபா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தான். தலை துவட்டத் துண்டு கொடுத்தான். அவனுடைய சட்டையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சார், உண்மைய சொல்லுங்கோ. உங்களுக்கு இந்த வெளையாட்டுல ஒண்ணும் ஆச இல்ல. எதுக்கு சார் இந்த போட்டு வேணுன்னு ஒத்தக் கால்ல நிக்கிறீங்கோ?"

சத்தியராஜுக்குப் பொய் தீர்ந்துபோயிருந்தது. முழு உண்மையையும் சொல்ல முடியாது. பாதி உண்மையைச் சொன்னார்.

"ஜெபா, அன்னியிலிருந்து மழை பெஞ்சா எங்க கட்டடத்துல யாருமே நிம்மதியா இருக்கறதில்ல. நாலு தூறல் விழுந்தா எல்லாரும் பால்கனியில வந்து கீழயே பாத்துக்கிட்டு நிக்கறாங்க. உன் போட்டைப் பாத்த அப்புறம்தான் அன்னிக்கு எங்களுக்கு உசிரு வந்துச்சு. எங்களுக்கு போட்டுன்னா அதான். வேற எதுவும் கண்ணுக்குத் தெரியல."

ஜெபா சட்டை நுனியைப் பிழிந்தான். ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். ஆவடி வந்ததும் இறங்கினான். கதவைச் சாத்தப் போனவன் மறுபடி தலையை உள்ளே நீட்டினான்.

"சார், இந்த ஸ்பீக்கர் பார்ட்டி வேணாம். குமணன்சாவடிக்கே போங்கோ. அந்தக்கா நாயமா குடுக்கும்."

*

இந்த முறை சத்தியராஜ் தன் கடைசி ஆயுதத்தை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பெயர் மௌனம். கம்பெனியில் எத்தனையோ இரும்பு வியாபாரிகளை இதால் வீழ்த்தியிருக்கிறார். விலையைச் சொல்லச் செய்துவிட்டு, எதிர்விலை சொல்லாமல், டீயைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எதிராளிக்குத்தான் சும்மா இருக்க முடியாது.

ஷைலா அதே விலையைத்தான் சொன்னார். அசோசியேஷன் திரட்டியதற்கு அது கணிசமாக மேலே இருந்தது.

சத்தியராஜ் டீயைப் பார்த்தார்.

வேம்புலியம்மாள் இன்னொரு டீ கொண்டுவந்து வைத்தார். அவர் அதையும் பார்த்தார்.

ஷைலாவின் போன் அடித்தது. எழுந்து வெளியே போய் நெடுநேரம் பேசினார். கண்ணாடிக் கதவு வழியே சத்தியராஜ் கவனித்தார். ஷைலா எதையோ மறுக்கிறார், தலையை ஆட்டுகிறார், நெற்றியைப் பிடித்துக்கொள்கிறார். மௌனம் உள்ளே இறங்கிவிட்டது, வேலை செய்கிறது என்று சத்தியராஜுக்குப் புரிந்தது.

ஷைலா திரும்பி வந்து உட்கார்ந்தார். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. ஒரு விலை சொன்னார்.

சத்தியராஜுக்குக் காதை நம்ப முடியவில்லை. அவர் கேட்க நினைத்திருந்ததைவிட அது கீழே இருந்தது. திரட்டிய பணத்தில் போட்டை வாங்கியது போக டிரெய்லருக்கும் மிஞ்சும்.

"இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் பேசாதீங்க சார்" என்றார் ஷைலா. "நல்லபடியா வெச்சுக்கங்க. அவ்வளவுதான்."

சத்தியராஜ் எழுந்து கைகொடுத்தார். தோற்றவர்களிடம் பெருந்தன்மையோடு நடந்துகொள்வது அவர் வழக்கம்.

*

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லாரும் அடுக்கக வாசலில் கூடிவிட்டார்கள். கேட்டில் மாவிலைத் தோரணம், பந்தல் காலில் பலூன். வெள்ளை போட் டிரெய்லரில் ஏறி வந்து நின்றது. கூடவே கையில் பூசணிக்காயோடு வேம்புலியம்மாளும் லாரியில் வந்து இறங்கினார். பூசணிக்காய் உடைக்காமல் எந்த போட்டையும் விட்டுவிட்டுப் போகமாட்டாராம். ஆவடி ஸ்டிக்கர் கடையில் வெட்டி வாங்கிவந்த எழுத்துகளை ஞானகுமாரியே போட்டின் பக்கத்தில் ஒட்டி, மேலே ஒரு புடவையைப் போட்டு மூடினார்.

பூந்தமல்லி போகச் சவாரி இருக்கிறது என்று சொல்லி ஜெபாவை வரவழைத்தார்கள். வந்தவன் போட்டைப் பார்த்ததும் ஆட்டோவைவிட்டு இறங்கி அப்படியே நின்றான். கிட்டப் போய் அதன் மூக்கை ஒருமுறை தடவினான்.

"இதையே வாங்கிட்டீங்களா சார்? நல்ல போட்டு சார். பத்திரமா பாத்துக்கோங்கோ."

"நாங்க ஏன் பாத்துக்கணும்?" என்றார் சுலோசனா, புடவையை இழுத்தபடி.

ஜெபா. பெரிய நீல எழுத்து.

அவன் அதை இரண்டு முறை படித்தான். கூட்டம் கைதட்டியது. அவன் பின்வாங்க ஆரம்பித்தான். அது எதிர்பார்த்ததுதான். வாட்ச்மேன் ஏற்கெனவே கேட்டைச் சாத்தியிருந்தார்.

"வேணாம் சார். எனக்கு எதுக்கு சார் இம்மாம் பெருசு? நீங்கதானே பயந்துக்கினு... உங்களுக்குத்தானே..."

"ஓடாதே ஜெபா" என்றார் ஞானகுமாரி. "அன்னிக்கு எங்களுக்காக ஒரு போட்டை உடைச்ச. உன் வேலை போச்சு. நீ எதையும் வாங்கிக்கிட்டதில்ல. இதை மட்டும் வாங்கிக்கப்பா. எங்களுக்காக."

ஜெபா முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். மாடி பால்கனியில் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

இந்த நேரத்தில் யாராவது நாலு வார்த்தை பேச வேண்டும் என்று தோன்றியதால், சத்தியராஜ் மைக்கை வாங்கினார்.

"அன்பானவர்களே, இந்த போட்டை இந்த விலைக்கு வாங்கினது எப்படின்னு பல பேர் கேட்டீங்க. அந்தம்மா ஒரு விலை சொன்னாங்க. நான் பேசலை. சும்மா உட்கார்ந்தேன். அவ்வளவுதான். அவங்களால தாங்க முடியல. எழுந்து வெளியே போனாங்க, வந்தாங்க, ஒரே வெட்டா வெட்டிட்டாங்க. ஜெபா, இந்தக் கிழவனால உனக்காக அலைமேல நிக்க முடியல. ஆனா உனக்காக நாற்காலியில உட்கார முடிஞ்சுது. நன்றிங்கறது அதான்!"

பலத்த கைதட்டல். ஜெபா மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "போதும் சார், பூசணிக்கா ஒடச்சிடலாம்" என்று அவசரப்படுத்தினான்.

கற்பூரம் ஏற்றிய பூசணிக்காயைத் தலைக்குமேல் தூக்கியிருந்த வேம்புலியம்மாள், உடைக்காமல் கீழே இறக்கினார்.

"சும்மா குந்திக்கினு இருந்தா எவன் சார் வெலைய கொறைப்பான்? இந்த போட்டு மேல ஆசப்பட்டு, சம்பளம் வாங்குன காலத்துலேந்து எங்க ஷைலாக்காவாண்ட கொஞ்சங் கொஞ்சமா கட்டி வெச்சிருந்த துட்டு அத்தனையும், 'முத்தாபுதுப்பேட்டை ஜனங்க மழைக்கு பயந்துக்கினு கீறாங்கோ, அவங்களுக்கே கழிச்சுக்கக்கா, நான் அப்புறமா வாங்கிக்கிறேன்'னு அன்னிக்கு போன்ல சொல்லிச்சே ஒரு புள்ள, அது தோ, இந்த ஜெபாதான் சார்!"